டப்பாக்கிளி பிறந்த பெஞ்சு

"இந்த நிமிஷம் உலகத்துல மூணு பேர்ல ஒருத்தர் வாயில ஓடிக்கிட்டு இருக்கிற வார்த்தை என்னோடது. மீதி ரெண்டு பேர் தூங்கறாங்க."

கியர் இதைப் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, கைப்பேசியைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்த கையோடு மேஜை அதிர ஆரம்பித்தது. அந்த அதிர்வில் ஒரு தேக்கரண்டி தானாக நடந்துபோய் மேஜை விளிம்பிலிருந்து குதித்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். தேக்கரண்டி கொஞ்சம் நகர்ந்தது என்பது வரை அவர் மனைவி ஒப்புக்கொள்கிறார்.

கியர் ஆயுள் பூராவும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிழைத்தவர். ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மீதிப் பேர் ஓட்டுவதை அவர் ஓட்டுவதாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. தொழிலை வைத்துத்தான் தனக்குக் கியர் என்று பெயர் வந்தது என்பார். நின்ற இடத்திலிருந்து ஒரு கதையை ஐந்தாவது கியருக்குக் கொண்டுபோகும் வேகத்தால் வந்தது என்பார்கள் மற்றவர்கள். தன்னைக் கண்டால் சிவப்பு விளக்கு கூச்சப்பட்டுப் பச்சையாகிவிடும் என்றும், தன்னிடம் படித்த ஒருவர் தூக்கத்திலேயே பேருந்தை மலையிலிருந்து பின்பக்கமாக இறக்கிக் கொண்டுவந்து, பயணிகளை எழுப்பக் கூடாதே என்று ஹார்ன் அடிக்காமல் நிறுத்தினார் என்றும் அவர் குழுவில் எழுதியிருக்கிறார். அவற்றோடு ஒப்பிட்டால் இன்றைய செய்தி அடக்கமானதுதான். ஒரே வித்தியாசம், இது உண்மை. உண்மையைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லாததால் அதையும் பொய் மாதிரியே சொல்லிவிட்டார்.

குழுவின் பெயர் 'பத்து ஆ'. எல்லாரும் பணி ஓய்வு பெற்றவர்கள் என்பதால் நாள் முழுக்கப் பாட்டுதான் ஓடும். பழைய பாட்டுக் கோஷ்டியும் புதுப் பாட்டுக் கோஷ்டியும் அடித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறுவதும், மறுநாள் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்து காலை வணக்கம் வைப்பதுமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதைத் தீர்த்து வைத்தவர், மருந்து என்று எல்லாரும் கூப்பிடுகிறவர். மருந்துக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கும் தோழி, குழுவுக்கு அட்மின். சீட்டு எழுதுகிற சுருக்கத்தில் ஒரு விதி போட்டார்: "காலைல ஒரு பழசு. சாயங்காலம் ஒரு புதுசு. ரெண்டும் சாப்பாட்டுக்கு அப்புறம்."

விதிக்கு எல்லாரும் கட்டுப்பட்டார்கள். திருத்தம் என்று பெயர் வாங்கிய தோழர் மட்டும் பாட்டே அனுப்பமாட்டார். பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்ற அவர், மற்றவர்கள் அனுப்புவதைத் திருத்துவதற்காகவே குழுவில் இருந்தார். யாராவது ஒரு பழைய பாட்டைப் போட்டு "ஆஹா, என்ன குரல்" என்று உருகினால், ஈரம் காய்வதற்குள் "திருத்தம்:" என்று தொடங்கி ஒரு செய்தி வந்து நிற்கும். மருந்து தன் கணவர் நினைவாக ஒரு சோகப் பாட்டைப் போட்டபோதுகூட, "திருத்தம்: இது சோகப் பாட்டு அல்ல. கதாநாயகன் பசியில் பாடுவது" என்று வந்தது. மருந்து ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பாட்டைத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். பசிதான்.

சண்டைக்கு வித்திட்டது முந்தின நாள் சாயங்காலம் மருந்து அனுப்பிய புதுப் பாட்டு. ஊரே அப்போது அதைத்தான் பாடிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் அது, சலூனில் அது, லிஃப்டுக்குள் அது. வரிகளும் திரையில் ஓடின.

கண்ணாடி பாரு டப்பாக்கிளி
பின்னாடி யாரு டப்பாக்கிளி
பாதி விடு பாதி பிடி
இடது பக்கம் ஒடி ஒடி
போதும் இப்போ நேராக்கு
பயந்தா கொஞ்சம் நின்னுக்கோ

காதல் பாட்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கண்ணாடி என்றால் மனசாட்சி என்று மருந்து எழுதினார். 'பாதி விடு பாதி பிடி' என்பதில் இல்லறத்தின் சாரமே இருக்கிறது என்று ஒருவர் கண்கலங்கி, அதைத் தன் மருமகனுக்கு அனுப்பிவைத்தார். மருமகன் என்னத்தை விட்டான், என்னத்தைப் பிடித்தான் என்று தெரியவில்லை. 'ஒடி ஒடி' வரும் இடத்தில் இளசுகள் இடுப்பை இடது பக்கம் ஒடித்து ஆடினார்கள். இடுப்பு அங்கேயே நின்றுபோனவர்களால் எலும்பு டாக்டர் வீட்டு வாசலில் வரிசை நின்றது என்பது கியர் தந்த தகவல்.

திருத்தம் எழுதினார்: "திருத்தம்: 'ஒடி' என்பது பிழை. 'ஓடி' என்று இருக்க வேண்டும். பாட்டு எழுதியவருக்கு ஒரு சுழி கிடைக்கவில்லை போலும். 'டப்பாக்கிளி' என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது."

கியர் அந்தப் பாட்டை முதல்முறை கேட்டபோது காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியில் கத்தி நின்றது. மூன்றாவது வரியில் அவரது இடது கால் தானாகத் தரையை அழுத்தியது. அது காதல் பாட்டே அல்ல. அவர் நாள்தோறும் தொண்டை வறளக் கத்திய பாடம். கண்ணாடியைப் பார், பின்னால் யார் என்று பார், க்ளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடி, ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடி, போதும், நேராக்கு, பயமாக இருந்தால் நிறுத்திக்கொள். வண்டி என்ற டப்பாவுக்குள் அடைபட்டு, சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு அவர் வைத்த செல்லப் பெயர்தான் டப்பாக்கிளி. மற்ற பயிற்சியாளர்கள் முட்டாள் என்று திட்டுகிற இடத்தில் அவர் டப்பாக்கிளி என்பார்.

மறுநாள் காலை, பழைய பாட்டு போட வேண்டிய நேரத்தில் அவர் போட்டதுதான் அந்தப் பெருமை.

மேஜை அதிர்ந்து ஓய்ந்ததும் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். சிரிக்கும் முகங்களுக்கு நடுவில் ஒற்றை வார்த்தை இருந்தது.

"ஆதாரம்?" என்று கேட்டிருந்தார் திருத்தம்.

"என் வாய்தான்டா ஆதாரம்."

"அது ஆதாரம் அல்ல. அது குற்றவாளி."

கியர் பாடத்தை வரி வரியாக விளக்கி எழுதினார். திருத்தம் அகராதியைப் புரட்டிவிட்டு வந்தார். "ஒடி என்றால் முறி. கிளையை ஒடிக்கலாம். ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி எப்படிப் போகும்?"

"நீ ரோட்ல இறங்கி யாரை வேணா கேளு."

"ரோட்டில் யார் அகராதி வைத்திருக்கிறார்கள்?"

"சரி, அந்த வார்த்தை உனக்கு எங்கேருந்து கிடைச்சுது?" என்று மருந்து குறுக்கே புகுந்து கேட்டார்.

கியர் விரல் நின்றது. பிறகு, "வானத்துலேருந்து மடியில விழுந்துச்சு" என்று எழுதினார்.

இந்தப் பதிலை வேறு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திருத்தம் உடனே குதித்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை மருந்து வீட்ல எல்லாரும் கூடறோம். அதுக்குள்ள ஆதாரம் காட்டு. இல்லேன்னா கூட்டம் முடியற வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது. சாப்பிட மட்டும் திறக்கலாம்." திருத்தம் பேச்சு வழக்கில் எழுதியதைக் குழு அன்றுதான் முதல்முறை பார்த்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கட்டைவிரல்கள் மளமளவென்று உயர்ந்தன. கியர் பேசாத ஒரு கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க எல்லாருக்கும் ஆசை இருந்திருக்கிறது. இவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று கியர் நினைக்கவில்லை.

"அவன் காட்டிட்டா?" என்று மருந்து கேட்டார். "காட்டிட்டா நீ பாடணும்."

திருத்தம் எழுதுகிறார், எழுதுகிறார், எழுதுகிறார் என்று திரை வெகுநேரம் காட்டியது. கடைசியில் வந்தது "சரி" என்ற இரண்டே எழுத்து.

கியர் சமையலறைக்குப் போனார். மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீயாவது நம்பறியா?"

"நம்பாம? கல்யாணமான புதுசுல எனக்கு ஓட்டக் கத்துத் தரேன்னு கூட்டிட்டுப் போயி, முதல் திருப்பத்துலயே டப்பாக்கிளின்னீங்க. வண்டிய நடு ரோட்ல விட்டுட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். மறக்குமா?"

"அப்ப குழுவுல வந்து சொல்லேன்."

"பெண்டாட்டி சாட்சி செல்லாதுன்னு உங்க ஃப்ரெண்டு இப்பத்தான் ஃபோன்ல சொன்னாரு." மனைவி துணியைப் பிழிந்தார். "ஊர்ல நடக்காததெல்லாம் நடந்துச்சுன்னு சொன்னீங்க. இப்ப நிஜமாவே ஒண்ணு நடந்திருக்கு. நம்பிக்கைதான் கையிருப்பு இல்ல."

கியருக்கு அது சுருக்கென்று தைத்தது. வாய் மூடி உட்கார வேண்டியிருப்பது ஒரு பக்கம். அதைவிட, இந்த வயதில் கிடைத்த ஒரே நிஜப் பெருமையும் மலையிலிருந்து இறங்கிய பேருந்தோடு சேர்ந்து சிரிப்பில் போய்விடும். செத்த பிறகும் 'பொய் சொன்னாலும் ரசிச்சு சொல்லுவான்' என்றுதான் பேசுவார்கள். இந்த ஒன்றை மட்டுமாவது ரசிக்காமல் நம்பித் தொலைக்கக் கூடாதா என்றிருந்தது.

நம்ப வைக்க ஒரு சாட்சி இருந்தது. அங்கேதான் சிக்கல். சாட்சி, திருத்தமேதான்.

பத்தாம் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சு. அப்போது திருத்தத்தின் குரலுக்கு வகுப்பே மயங்கும். பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். ரேடியோவில் அடிக்கடி வந்த ஒரு காதல் பாட்டு. 'தப்பாக் கிளிமொழி பேசும் பெண்மணி' என்று தொடங்கும். பெஞ்சில் உட்கார்ந்து கியரின் காதோடு அதைப் பாடிக் காட்டினார். ஆனால் 'டப்பாக் கிளிமொழி' என்று பாடினார்.

"ரேடியோவுல வேற மாதிரில்ல வருது?" என்று கேட்டார் கியர்.

"அது தப்பு. காதலிக்கிற பொண்ணப் பாத்து எவனாவது தப்பாப் பேசற கிளின்னு சொல்லுவானா? ரேடியோக்காரன் தூங்கிட்டான். நான் திருத்திட்டேன். வீட்டுக்குள்ளயே பூட்டி வெச்சிருக்காங்க இல்ல, அதனால டப்பாவுல அடைச்ச கிளி. இப்பப் பொருள் வருதா?"

பொருள் வரத்தான் செய்தது. கியரும் அசந்துபோனார். அன்று மதியமே தமிழய்யா ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நடத்தினார். பொய்யாமொழி என்றால் பொய்க்காத மொழி. வாடாமலர் என்றால் வாடாத மலர். தப்பாக் கணை என்றால் குறி தப்பாத கணை. கடைசி எடுத்துக்காட்டு கரும்பலகையில் விழுந்ததும் பக்கத்தில் இருந்தவரின் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியது. அந்தக் கிளி பிசகே இல்லாமல் பேசுகிற கிளி. கியர் சிரித்த சிரிப்பில் பெஞ்சின் ஆணி கழன்றது. வகுப்புக்கு வெளியே முட்டி போட்டபடியும் சிரித்தார்.

மறுநாள் திருத்தம் தொண்டை வலி என்று போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கியர் சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு திருத்தம் பாடி யாரும் கேட்டதில்லை. எதையும் சரிபார்க்காமல் விட்டதுமில்லை.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லும் கியர், இதை மட்டும் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. வார்த்தையை மட்டும் தன்னோடு எடுத்துக்கொண்டு போய் வண்டியில் வைத்துக்கொண்டார். இப்போது ஒரு வரி எழுதினால் போதும், பந்தயம் முடிந்தது. எழுதவில்லை. பிழை திருத்தியே பெயர் வாங்கியவனை, அவனுடைய முதல் பிழையை வைத்தா சாய்ப்பது என்று விட்டுவிட்டார்.

வேறு வழி தேடினார். பாட்டை எழுதியவர் பெயர் 'நத்தை' என்று திரையில் போட்டிருந்தது. புனைபெயர். அதைப் பார்த்ததுமே ஒரு மாணவி அவர் ஞாபகத்துக்கு வந்தாள். நத்தைகளே ஹார்ன் அடித்துவிட்டு முந்திப் போகும் அளவுக்கு மெதுவாக ஓட்டியவள். அவர்தான் அவளை நத்தை என்பார். ஒருநாள் பின்பக்கமாக எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது, "சார், பாதி விடு பாதி பிடின்னீங்களே, நல்லா இருக்கு. எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "எடுத்துக்கோ. முதல்ல வண்டிய எடு" என்றார். அவள் இரண்டையும் எடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

நத்தையின் பக்கத்தைத் தேடிப்பிடித்து, விவரமாக ஒரு செய்தி அனுப்பினார். அடுத்த நொடியே "உங்கள் அன்புக்கு நன்றி" என்று ஒரு இதயத்தோடு பதில் வந்தது. கியர் அதைப் படம் பிடித்து, 'என்கிட்ட படிச்ச பொண்ணு' என்று குழுவில் போட்டு, மாலை போட்ட கழுத்தோடு உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்தார்.

"இது எல்லாருக்கும் தானா வர்ற பதில்" என்றார் திருத்தம். "எனக்கும் வந்துச்சு."

"நீ எதுக்குடா அவளுக்கு எழுதின?"

"ஒடியைத் திருத்தச் சொல்லி."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆதாரம் வரவில்லை.

மனைவி வண்டியோட்ட, கியர் பக்கத்து இருக்கையில் பழக்கப்படி உட்கார்ந்து, மருந்து வீடு இருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாயையும் பூட்டிக்கொண்டார். மருந்து வீட்டு வரவேற்பறையில் சோபா போதாமல் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. ஆளுக்கொரு பழைய பாட்டு போட்டார்கள். ஆளுக்கொரு புதுப் பாட்டு போட்டார்கள். திருத்தம் ஆண்டு, ராகம், யார் யார் குரல் என்று திருத்திக்கொண்டே வந்தார். கியர் பிஸ்கட் தின்றார்.

முதலில் எல்லாரும் அந்த நிம்மதியை அனுபவித்தார்கள். போகப்போக அறையில் ஏதோ மின்விசிறி நின்றுவிட்ட மாதிரி ஆயிற்று. ஒருவர் தன் கண் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். அது உள்ளபடியே நடந்த கதை. அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. இன்னொருவர் தன் பேரன் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னார். "அப்படியா" என்றார்கள். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது.

"இவன் பேசாம இருந்தா வயசானவங்க கூட்டம் மாதிரி இருக்கு" என்றார் மருந்து.

"வயசானவங்க கூட்டம்தான்" என்று திருத்தினார் திருத்தம்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டுக்காரர் கையில் பெட்டியோடு நின்றார். விமானத்தைப் பிடிக்க வேண்டுமாம். அவர் வண்டிக்குப் பின்னால் கப்பல் மாதிரி ஒரு வண்டி நிற்கிறதாம்.

கப்பல், திருத்தத்தின் மகனுடையது. திருத்தம் வண்டி ஓட்டக் கற்றது ஓய்வு பெற்ற பிறகு, அதுவும் மகனிடம். முன்னால் போவதில் அவரிடம் ஒரு பிழை சொல்ல முடியாது. பின்னால் எடுக்க வராது. பின்னால் எடுக்க வேண்டிவராத இடமாகப் பார்த்து, எவ்வளவு தூரமானாலும் நிறுத்திவிட்டு நடந்து வருவார். இன்று காவலாளி கையைக் காட்டி ஒரு சந்துக்குள் விட்டுவிட்டார்.

எல்லாரும் தரைத்தள வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கினார்கள். வண்டியின் வலது பக்கம் பின்னால் ஒரு தூண். இடது பக்கம் முன்னால் சுவரோடு ஒரு தண்ணீர்க் குழாய். நடுவில் கப்பல். திருத்தம் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"நான் வேணா எடுத்துத் தரட்டுமாண்ணே?" என்றார் கியரின் மனைவி.

"வேணாம்மா. வேற யாரும் தொடக் கூடாதுன்னு பையன் சொல்லியிருக்கான்."

வண்டி ஒரு முறை குலுங்கி அணைந்தது. மறுபடி கிளம்பித் தூணைப் பார்த்துப் பாய்ந்து நின்றது. பத்து ஆ பிரிவு மொத்தமும் சேர்ந்து வழிகாட்ட ஆரம்பித்தது. ஒருவர் "வரட்டும், வரட்டும்" என்றார். ஒருவர் "போகட்டும்" என்றார். இரண்டும் ஒரே திசை என்பது அவர்களுக்கே தெரியவில்லை. இன்னொருவர் நல்லெண்ணத்தோடு "ரைட், ரைட்" என்று தட்டிக்கொடுத்தார். திருத்தம் வலது பக்கம் திருப்பினார். தூணில் பம்பர் உரசிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"ரைட்டுன்னா சரின்னு சொன்னேன்டா."

"அப்ப சரின்னு சொல்லு."

எதிர் வீட்டுக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கியர் வண்டிக்குப் பின்னால், தூணுக்குப் பக்கத்தில் நின்றார். வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள் தொண்டைக்குள் வரிசை கட்டி நின்று ஒன்றையொன்று இடித்தன. முகம் தக்காளியாகிவிட்டது.

"டேய், நீ சொல்லுடா. இதுக்குப் பேசலாம்" என்றார் மருந்து.

"பேசக் கூடாது." ஜன்னல் வழியாகத் திருத்தத்தின் தலை வெளியே வந்தது. வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. "பேசினா தோத்துட்டான்னு அர்த்தம். ஒரு வார்த்தை அவன் வாயிலேருந்து வரக் கூடாது."

கியர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். ஓட்டுநர் பக்க ஜன்னலுக்குப் போய், அதற்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை முழுக்க ஏற்றி, பாட்டைத் தட்டினார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

'கண்ணாடி பாரு டப்பாக்கிளி' என்றது கைப்பேசி.

திருத்தம் முறைத்தார். கியர் கைப்பேசியால் பக்கக் கண்ணாடியைச் சுட்டினார். வேறு வழி இல்லாமல் திருத்தம் கண்ணாடியைப் பார்த்தார். அதில் முதல்முறையாகத் தூண் தெரிந்தது.

'பின்னாடி யாரு டப்பாக்கிளி.'

பின்னால் நின்றவர்கள் தாங்களாகவே விலகினார்கள்.

'பாதி விடு பாதி பிடி.' கியர் அந்த வரியை மட்டும் திரும்ப ஓடவிட்டார். திரும்பவும். மூன்றாம் தடவை திருத்தத்தின் இடது கால் பாதி விட்டது, பாதி பிடித்தது. கப்பல் குலுங்காமல், அணையாமல், பூனை மாதிரி பின்னால் நகர்ந்தது.

'இடது பக்கம் ஒடி ஒடி.'

திருத்தத்தின் கை ஸ்டீயரிங் மேல் ஒரு கணம் நின்றது. அகராதி கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும். பிறகு இடது பக்கம் முழுக்க ஒடித்தார். பின்பக்கம் தூணைவிட்டு விலகியது. முன்பக்கம் குழாயைவிட்டு விலகியது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. காவலாளி தன்னையறியாமல் இடுப்பை இடது பக்கம் ஒடித்துக்கொண்டு பார்த்தார்.

'போதும் இப்போ நேராக்கு.' நேராக்கினார். வண்டி வழிக்கு வந்து ஓரமாக நின்றது. 'பயந்தா கொஞ்சம் நின்னுக்கோ' என்று பாட்டு சொன்னபோது அவர் ஏற்கெனவே நின்றிருந்தார்.

எதிர் வீட்டுக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் வண்டிக்குப் போனார். போகும்போது, "நல்ல பாட்டு சார்" என்றார்.

இல்லறத்தின் சாரம் என்று எழுதியவர், "அப்ப என் மருமகன்?" என்று யாரையோ கேட்டார்.

திருத்தம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, பூட்டி, பூட்டியதைச் சரிபார்த்து, மாடிப்படி ஏறினார். கியரின் பக்கத்தில் ஏறினாலும் அவரைப் பார்க்கவில்லை. "ஒடிதான். சுழி தேவையில்ல" என்று படிகளிடம் சொன்னார்.

மேலே வந்ததும் எல்லாரும் பழைய இடங்களில் உட்கார்ந்தார்கள். திருத்தம் மட்டும் உட்காரவில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஜன்னல் ஓரமாகப் போய் நின்று, தொண்டையைச் செருமினார். ஏதோ ஆண்டு, ராகம் வரப்போகிறது என்று நினைத்தார்கள்.

அவர் பாடினார். அந்தப் பழைய காதல் பாட்டை, முதல் வரியிலிருந்து. குரல் கொஞ்சம் கரகரத்தது. சுருதி அங்கேயேதான் இருந்தது. மருந்து வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்காமல் கேட்டார். ஆனால் முதல் வரியே, 'டப்பாக் கிளிமொழி பேசும் பெண்மணி' என்று வந்தது.

ஒரு சரணம் முடிந்ததும் மருந்து மெதுவாக, "அது தப்பாக் கிளிமொழி இல்ல?" என்றார். திருத்தத்தையே திருத்துகிறோம் என்ற பயம் அவர் குரலில் இருந்தது.

"தப்பாதான். த வரணும்; ட போட்டுட்டேன். பத்தாங்கிளாஸ்ல, பெஞ்சுல உக்காந்து பாடினப்ப இப்படித்தான் பாடினேன். ரேடியோவுல தப்பா வருதுன்னு நானே திருத்தினேன். நான் முதல்முதலா திருத்தினது அதுதான்." அவர் கியர் பக்கம் திரும்பினார். "கேட்டவன் இவன் ஒருத்தன்தான். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. இத்தனை நாள் பந்தயத்துலயும் சொல்லல."

எல்லாரும் கியரைப் பார்த்தார்கள். கியர் கூரையைப் பார்த்தார். கூட்டம் இன்னும் முடியவில்லையே என்று விரலால் தன் வாயைத் தொட்டுக் காட்டினார்.

"இப்பப் பேசித் தொலையேன்டா" என்றார் மருந்து.

"இரு, முடிச்சுடறேன்" என்றார் திருத்தம். "ஒரே ஒரு திருத்தம். அந்த வார்த்தை இவனோடது இல்ல, என்னோடது. இவன் அத எடுத்துட்டுப் போயி, வண்டியில வெச்சு ஊரெல்லாம் விட்டான். அங்கேருந்து அந்தப் பொண்ணு எடுத்திருக்கா." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். "மூணு பேர்ல ஒருத்தர்ங்கிற கணக்க மட்டும் நான் இன்னும் சரிபார்க்கல. மத்தபடி இவன் சொன்னது நடந்ததுதான்."